புத்தகம் அனுப்பும் பாடகி

டாலி என்ற ஆட்டைப் பற்றி அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1996ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில், குளோனிங் முறையில் பிறந்த ஆடு அது. வளர்ந்த ஓர் ஆட்டின் உடல் செல்லில் இருந்து உருவாக்கப்பட்ட முதல் பாலூட்டி. விநாடி வினாப் போட்டிகளில் தவறாமல் வரும் கேள்வி!

சரி, அந்த ஆட்டுக்கு டாலி என்ற பெயர் எப்படி வந்தது? அதை யாரும் கேட்பதில்லை. அமெரிக்கப் பாடகி ஒருவரின் பெயரைத்தான் விஞ்ஞானிகள் அதற்குச் சூட்டினார்கள். அவர் பெயர் டாலி பார்ட்டன். தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுபவர். பளபளக்கும் உடை, தலையில் பெரிய பொன்னிறப் பொய்முடி, நீண்ட நகங்கள் என்று மேடையில் வந்து நிற்பார். பார்ப்பவர்கள் சிரிப்பதற்கு முன் தன் தோற்றத்தைப் பற்றித் தானே ஒரு வேடிக்கை சொல்லிச் சிரித்துவிடுவார்.

மருத்துவருக்கு ஒரு மூட்டை மாவு

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஸ்மோக்கி மலைத்தொடர் இருக்கிறது. ஸ்மோக்கி என்றால் புகை படிந்தது என்று பொருள். காடுகளின் மேல் எந்நேரமும் நீலநிற மூட்டம் தவழ்வதால் அந்தப் பெயர். அந்த மலையடிவாரத்தில், செவியர் என்ற மாவட்டத்தில், ஓர் ஆற்றங்கரையில் இருந்த ஒற்றை அறை மரக்குடிசையில் 1946ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி டாலி பிறந்தாள். பிரசவம் பார்க்க வந்த மருத்துவர் ராபர்ட் தாமஸுக்குக் கொடுக்க அப்பாவிடம் பணம் இல்லை. ஒரு மூட்டை மக்காச்சோள மாவைக் கொடுத்தார். மருத்துவரும் வாங்கிக்கொண்டார். பிற்காலத்தில் அந்த மருத்துவரின் பெயரிலேயே டாலி ஒரு பாட்டு எழுதினார்.

வீட்டில் மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள். டாலி நான்காவது. மின்சாரம் கிடையாது. குழாய்த் தண்ணீர் கிடையாது. அப்பா ராபர்ட் லீ பார்ட்டன் முதலில் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டார். பிறகு சொந்தமாகச் சிறிது நிலம் வாங்கிப் புகையிலை விளைவித்தார். கடுமையான உழைப்பாளி. பண்டமாற்றிலும் பேரத்திலும் அவரை யாராலும் ஏமாற்ற முடியாது. ஆனால், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறு வயதிலேயே வயல் வேலைக்குப் போய்விட்டதால் பள்ளிக்கூடம் எட்டாக்கனி ஆகிவிட்டது. வளர்ந்த பிறகு கற்றுக்கொள்ளவும் கூச்சம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அம்மா ஏவி லீ நன்றாகப் பாடுவார். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து நாடுகளில் இருந்து அந்த மலைப்பகுதியில் குடியேறியவர்கள் தங்களோடு கதைப்பாடல்களைக் கொண்டுவந்திருந்தார்கள். தாய் பாட, மகள் கேட்க, அப்படியே அவை தலைமுறை தலைமுறையாக வந்தன. ஏவி லீயும் சமைத்துக்கொண்டே, துணி தைத்துக்கொண்டே அவற்றைப் பாடுவார்.

டாலிக்கு ஐந்தாறு வயதிருக்கும். மக்காச்சோளத்தின் சக்கையில் அப்பா ஒரு பொம்மை செய்து கொடுத்தார். சூட்டுக்கோலால் சுட்டு அதற்குக் கண் வைத்தார். அம்மா உடை தைத்துப் போட்டார். அந்தப் பொம்மையைப் பற்றி டாலி ஒரு பாட்டுக் கட்டினாள். அதுதான் அவளுடைய முதல் பாட்டு. எழுதத் தெரியாத வயது அல்லவா? அவள் சொல்லச் சொல்ல அம்மா எழுதிக்கொண்டார்.

புகையிலைக் குச்சி ஒன்றைத் திண்ணைப் பலகையின் இடுக்கில் செருகி, அதன் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் ஒலிவாங்கி தயார். கேட்பவர்கள் யார்? தம்பி தங்கைகள். அவர்கள் ஓடிவிட்டால் முற்றத்தில் மேயும் கோழிகள்!

எட்டு வயதில் மாமா பில் ஓவன்ஸ் ஒரு சிறிய கிதார் வாங்கிக் கொடுத்தார். பத்து வயதில் பக்கத்து நகரமான நாக்ஸ்வில்லில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் டாலி பாடத் தொடங்கிவிட்டாள். அப்போது அவள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியே கிடையாது. ஊரார் அவளைப் பார்த்தார்கள். அவள் குடும்பத்தாரால் பார்க்க முடியவில்லை.

ஒட்டுப்போட்ட கோட்டு

டாலியின் பாட்டுகளில் அவருக்கே மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' என்பார். 'பல நிறக் கோட்டு' என்று பொருள். அது கற்பனை அல்ல, நடந்த கதை.

குளிர்காலம் வரப்போகிறது. டாலிக்குக் கோட்டு இல்லை. யாரோ கொடுத்த துண்டுத் துணிகளைச் சேர்த்து அம்மா ஒரு கோட்டுத் தைத்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறம். தைக்கும்போதே பைபிளில் வரும் யோசேப்பின் கதையைச் சொன்னார். யோசேப்புக்கு அவன் தந்தை பல வண்ண அங்கி ஒன்றைக் கொடுத்தார். அது அவர் அவன் மேல் வைத்திருந்த அன்பின் அடையாளம். அந்தக் கதையைக் கேட்ட டாலிக்கு ஒரே பெருமை. தன்னைவிடப் பணக்காரி யாருமில்லை என்று நினைத்தாள். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். கந்தல் என்றார்கள். வகுப்பில் ஒருவர் உடையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு சிரிப்புச் சத்தம் எவ்வளவு பெரியது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அதற்கு ஆளான பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பல ஆண்டுகள் கழித்து, 1969இல், கச்சேரிக்காகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கோட்டு டாலியின் நினைவுக்கு வந்தது. பாட்டு மளமளவென்று வருகிறது. கையில் காகிதம் இல்லை! உடன் வந்த பாடகர் போர்ட்டர் வாகனரின் உடைகளைச் சலவைக்குப் போட்ட ரசீது கிடைத்தது. அதன் பின்புறத்தில் எழுதி முடித்தார். 1971இல் பாட்டு வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. வாகனர் அந்தச் சலவை ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டாராம்.

நாம் சற்று வேகமாகப் போய்விட்டோம். அவர் நாஷ்வில் நகரத்துக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் சிரித்தார்கள்

டென்னஸி மாநிலத்தின் தலைநகரம் நாஷ்வில். அமெரிக்கக் கிராமத்து இசையான 'கண்ட்ரி' இசைக்கும் அதுதான் தலைநகரம். வெள்ளையர் கொண்டுவந்த கதைப்பாடல்களும் வயலினும், ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட மக்களின் பாஞ்சோ வாத்தியமும், அவர்களுடைய பாட்டு முறைகளும் கலந்து வளர்ந்த இசை இது. கண்ட்ரி பாட்டு என்றால் அதில் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். நகரத்து இளைஞர்கள் கேட்கும் துள்ளலான 'பாப்' இசையோடு அதைச் சேர்த்தால் கிடைப்பது 'கண்ட்ரி பாப்'.

நாஷ்வில்லில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று ஒரு புகழ்பெற்ற வானொலி மேடை உண்டு. 1925இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அங்கே பாடினால்தான் கண்ட்ரி பாடகர் என்று ஒப்புக்கொள்வார்கள். பதின்மூன்று வயதில் டாலிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. மேடையில் அவளை அறிமுகம் செய்தவர் புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷ். கூட்டம் கைதட்டி மீண்டும் மீண்டும் பாடச் சொன்னது. அன்றே முடிவு செய்துவிட்டாள், இதுதான் தன் வேலை என்று. ஆனாலும் பள்ளிப் படிப்பை விடவில்லை.

1964இல் பள்ளி இறுதி வகுப்பு முடிந்தது. பட்டமளிப்பு நிகழ்ச்சியில் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். டாலி எழுந்து, நாஷ்வில் போய்ப் பெரிய பாடகி ஆகப் போகிறேன் என்றார். அரங்கமே சிரித்தது. அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் பேருந்து ஏறிவிட்டார்.

கிளம்பும் அவசரத்தில் துணி துவைக்கக்கூட நேரமில்லை. அழுக்குத் துணிகளையே பெட்டியில் திணித்துக்கொண்டு போனார். நாஷ்வில்லில் இறங்கிய அன்றே அவற்றைத் துவைக்க ஒரு சலவை நிலையத்துக்குப் போனார். அங்கேதான் கார்ல் டீன் என்ற இளைஞரைச் சந்தித்தார். 1966இல் இருவரும் மணந்துகொண்டார்கள். கூட்டம், விளம்பரம் எதுவும் பிடிக்காத கார்ல் டீன் 2025 மார்ச்சில் இறக்கும்வரை, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், மேடை வெளிச்சத்துக்கு வராமலே டாலிக்குத் துணையாக இருந்தார்.

நாஷ்வில்லில் பாட்டு நிறுவனத்தார் டாலியின் குரலைக் கேட்டு, "இது கீச்சுக் குரல். கண்ட்ரிக்கு ஒத்துவராது, பாப் பாட்டுப் பாடு" என்ற பாணியில் ஒதுக்கினார்கள். டாலி வேறு வழி பார்த்தார். மாமா பில்லுடன் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டை வேறொருவர் பாடி, 1966இல் அது கண்ட்ரி வரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. அதன் பிறகுதான் டாலியையே கண்ட்ரி பாட விட்டார்கள். அதே காலத்தில் மாமாவும் மருமகளும் இன்னொரு காரியமும் செய்தார்கள். தங்கள் பாட்டுகளின் உரிமையை வைத்துக்கொள்ளத் தாங்களே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு இந்த யோசனை வந்ததே, அதைத்தான் நான் அவருடைய முதல் பெரிய வெற்றி என்பேன்.

1967இல் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் இருவரும் சேர்ந்து பாடி நாடெங்கும் புகழ் பெற்றார்கள். 'ஜோலீன்' என்ற பாட்டு அந்தச் சமயத்தில்தான் வந்தது. கையெழுத்து வாங்க மேடை அருகே வந்த ஒரு செம்பட்டைத் தலைச் சிறுமியின் பெயர் ஜோலீன். பெயர் அழகாக இருக்கிறதே என்று வழியெல்லாம் முணுமுணுத்து, அதையே பாட்டாக்கிவிட்டார் டாலி.

அழுதுகொண்டே சொன்ன 'முடியாது'

ஒரு கட்டத்தில், தனியாகப் போக வேண்டும் என்று டாலிக்குத் தோன்றியது. வாகனர் விடவில்லை. தினமும் வாக்குவாதம். பேசிப் பயனில்லை என்று கண்ட டாலி, வீட்டுக்குப் போய் நன்றியும் விடைபெறுதலும் கலந்த ஒரு பாட்டு எழுதினார். மறுநாள் காலையில் வாகனர் முன் அமர்ந்து பாடினார். அவர் கண்கலங்கிவிட்டார். அந்தப் பாட்டைத் தானே தயாரிப்பதாக இருந்தால் போகலாம் என்று விடை கொடுத்தார். (பின்னர் அவர் வழக்குப் போட்டதும், சமாதானம் ஆனதும், அவருடைய கடைசி ஆண்டான 2007இல் ஆப்ரி மேடையில் டாலி அதே பாட்டை அவருக்காகப் பாடியதும் தனிக் கதை.)

அந்தப் பாட்டின் பெயர் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1974இல் அது கண்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது.

அப்போது ஒரு செய்தி வந்தது. எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைப் பாட விரும்புகிறார்! எல்விஸ் என்றால் அன்று உலகமே கொண்டாடும் பாடகர். டாலி தலைகால் புரியாத மகிழ்ச்சியில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். ஒலிப்பதிவுக்கு முதல் நாள் எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர் தொலைபேசியில் அழைத்தார். எல்விஸ் பாட வேண்டும் என்றால் பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியை எழுதித் தர வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றார்.

வெளியீட்டு உரிமை என்றால் என்ன? ஒரு பாட்டு இசைத்தட்டாக விற்கும்போதும், வானொலியில் ஒலிக்கும்போதும், வேறொருவர் அதைப் பாடிப் பதிவு செய்யும்போதும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தொகை அந்த உரிமை உள்ளவருக்கு வரும். தென்னை மரம் மாதிரி. நட்டவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் காய்த்துக்கொண்டே இருக்கும்.

டாலி முடியாது என்று சொல்லிவிட்டார். பலரும் அவரைப் பைத்தியக்காரி என்றார்கள். அன்று இரவு முழுவதும் அழுதாராம். எல்விஸ் அந்தப் பாட்டைப் பதிவு செய்யவே இல்லை. 1977இல் அவர் இறந்தும் போனார்.

பாட்டு காத்திருந்தது. 1992இல் 'தி பாடிகார்ட்' என்ற திரைப்படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதைப் பாடினார். அமெரிக்கப் பாட்டு வரிசையில் 14 வாரங்கள் முதலிடம்! உலகம் முழுவதும் விற்றது. பாட்டின் உரிமை முழுவதும் டாலியிடமே இருந்தது. முதல்முறை காரில் போகும்போது வானொலியில் விட்னியின் குரலைக் கேட்டவர், வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று என்று சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் அவர் பாப் உலகிலும் நுழைந்துவிட்டார். 1977இல் வந்த 'ஹியர் யூ கம் அகெய்ன்' என்ற பாட்டு அதற்கு வாசல். அது பிறர் எழுதியது. கேட்டால் முழுக்க நகரத்துப் பாட்டாக இருக்கிறதே, ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று டாலிக்குப் பயம். கண்ட்ரி இசைக்கே உரிய ஸ்டீல் கிதாரையும் அதில் சேர்க்கச் சொன்னார். 1980இல் 'நைன் டு ஃபைவ்' என்ற திரைப்படத்தில் நடித்து அதற்குப் பாட்டும் எழுதினார். அலுவலகப் பெண்களைப் பற்றிய படம். தட்டச்சு இயந்திரம் மாதிரி ஓசை வேண்டும் என்று யோசித்தபோது, தன் நீண்ட செயற்கை நகங்களை ஒன்றோடொன்று உரசினார். டக் டக் டக் என்று அதே ஓசை! படப்பிடிப்பு இடைவேளைகளில் நகத்தாலேயே தாளம் போட்டு எழுதிய அந்தப் பாட்டு 1981இல் அமெரிக்காவின் எல்லா வகைப் பாட்டுகளுக்குமான வரிசையில் முதலிடத்துக்கு வந்தது. இசைத்தட்டிலும் அந்த நகத் தாளம் இருக்கிறது. இதுவரை ஏறக்குறைய மூவாயிரம் பாட்டுகள் எழுதியிருப்பதாக அவர் சொல்கிறார். 1999இல் கண்ட்ரி இசைக்கான புகழ் மன்றத்திலும், 2022இல் ராக் இசைக்கான புகழ் மன்றத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அப்பாவுக்காக

பணம் வந்ததும் டாலி ஊரைத் திரும்பிப் பார்த்தார். 1986இல் பிறந்த மாவட்டத்திலேயே 'டாலிவுட்' என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் பங்குதாரர் ஆனார். வேலை தேடி வெளியூர் போய்க்கொண்டிருந்த மக்களுக்கு ஊரிலேயே வேலை கிடைத்தது. ராட்டினங்களுக்கு நடுவே, அவர் வளர்ந்த மரக்குடிசையைப் போலவே ஒன்றையும் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே சுவரெல்லாம் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கும். வீட்டுச் சுவர் முழுக்க எழுத்து. வீட்டுத் தலைவருக்கு அதில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாது.

அந்த மாவட்டத்தில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுபவர்கள் அதிகம். டாலி ஒரு திட்டம் போட்டார். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்து, ஒவ்வொருவரும் ஒரு தோழரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார். இருவரும் பள்ளி இறுதி வகுப்பை முடித்தால் ஆளுக்கு 500 டாலர் பரிசு. ஒருவர் நின்றுவிட்டால் மற்றவருக்கும் கிடையாது! அந்த வகுப்புகளில் நூற்றுக்கு 35 பேர் என்றிருந்த இடைநிற்றல் 6 ஆகக் குறைந்தது. நல்ல தந்திரம். காலையில் படுக்கையைவிட்டு எழாதவனை எழுப்ப அம்மாவோடு கூட்டாளியும் வந்து நிற்பான் அல்லவா?

ஆனால், பள்ளிக்கு வருவதற்கு முன்பே குழந்தைகளுக்குப் புத்தகம் பழக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1995இல் அப்பாவை மனத்தில் வைத்து 'இமாஜினேஷன் லைப்ரரி' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கற்பனை நூலகம் என்று சொல்லலாம். இதற்குக் கட்டடம் இல்லை, அலமாரி இல்லை. குழந்தை பிறந்ததும் பெற்றோர் பெயரைப் பதிவு செய்தால், ஐந்து வயது ஆகும்வரை மாதம் ஒரு புத்தகம் தபாலில் வீடு தேடி வரும். இலவசம். ஏழையா, பணக்காரரா என்று கேட்பதில்லை. உறையின் மேல் அந்தக் குழந்தையின் பெயர்தான் இருக்கும். யோசித்துப் பாருங்கள், தவழும் குழந்தைக்குத் தபால்! அமெரிக்கக் குழந்தைகளுக்கு முதலில் வருவது, மலையேறத் தயங்காத ஒரு சின்ன ரயில் எஞ்சினின் கதை.

தொடக்கத்தில் செவியர் மாவட்டத்துக்கு மட்டும்தான் திட்டம். மற்ற ஊர்கள் கேட்கத் தொடங்கின. அந்தந்த ஊரில் உள்ள அமைப்புகள் செலவில் பங்கெடுக்க, திட்டம் பரவியது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து நாடுகளுக்கும் போனது.

அப்பாவுக்கு இது எப்படி இருந்தது? மகள் பெரிய பாடகி என்பதைவிட, குழந்தைகள் அவரைப் 'புத்தக அம்மா' என்று கூப்பிட்டதில்தான் ராபர்ட் லீக்கு அதிகப் பெருமை என்று டாலி சொல்லியிருக்கிறார். செவியர்வில் ஊரில் நீதிமன்றத்துக்கு முன்னால் 1987இல் டாலிக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். கையில் கிதாரோடு பாறை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை. சிலை என்றால் புறாக்கள் சும்மா விடுமா? ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரும் ஒரு துடைப்பானும் எடுத்துக்கொண்டு, ஊர் அடங்கிய பிறகு ராபர்ட் லீ லாரியில் போவாராம். மகளின் சிலை மேல் இருக்கும் எச்சத்தைக் கழுவிவிட்டு வருவாராம். டாலிக்கே இது பிறகுதான் தெரிந்தது. 2000ஆம் ஆண்டு அவர் காலமானார்.

2016 நவம்பரில் ஸ்மோக்கி மலையில் பெருந்தீ பிடித்து 14 பேர் இறந்தார்கள். வீடிழந்த சுமார் 900 குடும்பங்களுக்கு டாலியின் அறக்கட்டளை நிதி திரட்டி, மாதம் 1,000 டாலர் வீதம் கொடுத்து வந்தது. ஆறாவது மாதம் மட்டும் 5,000 டாலர்! 2020இல் கொரோனா ஆராய்ச்சிக்காக நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். மாடர்னா தடுப்பூசி ஆய்வுக்கும் அந்தப் பணம் உதவியது. அடுத்த ஆண்டு டென்னஸி சட்டமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்க முயன்றபோது, இப்போது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

புத்தகக் கணக்கைச் சொல்லவில்லையே! 2018 பிப்ரவரியில், 10 கோடியாவது புத்தகத்தை டாலியே வாஷிங்டனுக்கு எடுத்துப் போய், உலகின் மிகப் பெரிய நூலகமான அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார். அது எந்தப் புத்தகம் தெரியுமா? குழந்தைகளுக்கான படப் புத்தகமாக வந்த 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்'. அதன் பிறகு எண்ணிக்கை 20 கோடியையும் தாண்டிவிட்டது. பெயர் எழுதிய உறைகள் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கின்றன.